கமலாத்தாள் பெயருக்கு வந்த வட்டி

எலப்புள்ளி,
4 ஜூலை 2025

மதிப்புக்குரிய மாப்பிள்ளை வெங்கிடாசலம் அவர்களுக்கு,

எலப்புள்ளியிலிருந்து ஆறுமுகசாமி எழுதுகிறேன். இங்கே உங்கள் அக்காவும் நானும் மூன்று மாடுகளும் சுகம். சின்னக்கானல் பக்கம் மழை பலமாக இருப்பதாகச் செய்தியில் பார்த்தேன். உங்கள் கடைக்கும் வீட்டுக்கும் சேதம் ஏதும் இல்லாதிருக்க வேண்டும்.

கல்யாணம் ஆகி முப்பத்தொன்பது வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உங்கள் போன் எண் அக்காவிடம் இருக்கிறது. பேசத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. காகிதத்தில் என்றால் தப்பாக வந்ததை அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். போன மாதம் உங்கள் அக்காவுக்கு வருமான வரி அலுவலகத்திலிருந்து ஒரு தபால் வந்தது. எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். போஸ்ட்மேன் கவரைத் திருப்பிப் பார்த்து, “சேச்சி ஒப்பிட்டாத்தான் தருவேன்” என்றார். உங்கள் அக்கா சாணிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நிதானமாக முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு வாங்கினாள். நீர்ப்பாசன ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் தபால் பார்த்தவன் நான். ஆனாலும் அந்தக் கவரைப் பிரிக்காமல் முகவரியையே இரண்டு முறை படித்தேன்.

2022 மார்ச்சில் அவள் தன் பெயரில் பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்கு ரிசர்வ் வங்கியின் சேமிப்புப் பத்திரம் வாங்கினாள். எல்லாம் பால் விற்றுச் சேர்த்தது. டெபாசிட்டே போதும் என்றுதான் நான் சொன்னேன். அவள் பாங்கில் வரிசையில் நின்று, பத்திரத்துக்கு வட்டி கூடுதலாக வருமா, முதலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். ஜனவரி ஒன்றும் ஜூலை ஒன்றும் வட்டி வரும். விகிதம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறலாம். இப்போது நூற்றுக்கு எட்டு ரூபாய் ஐந்து பைசா, அதாவது வருஷத்துக்குத் தொண்ணூற்றாறாயிரத்து அறுநூறு. நான் இதை விளக்கியபோது அவள் சொன்னது: “ஏழு வருசத்துக்கு விக்க முடியாது, கன்னும் போடாது. ஆனாத் தீவனமும் கேக்காது, சினைக்கு ஊசியும் வேண்டாம். நல்ல மாடுதானுங்க.”

வட்டியில் பத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொண்டுதான் பாக்கியைக் கொடுப்பார்கள். அதற்கும் அவள் கணக்கு வைத்திருந்தாள்: “கன்னுக்குட்டிக்கு ஒரு காம்பு உடற மாதிரிங்க.” உண்மையில் அந்தக் காம்பை விட்டிருக்கவே வேண்டாம். அவளுடைய மொத்த வருமானம் வரி வரம்பை எட்டுவதில்லை. ‘எனக்கு வரி வராது’ என்று ஒரு படிவம் எழுதிக் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். படிவத்தை வாங்கியும் வைத்தேன். அதன் அடியில் ‘தவறான தகவலுக்குத் தண்டனை உண்டு’ என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்த பிறகு மேஜை இழுப்பறையில் வைத்தவன், மூன்று வருஷமாக எடுக்கவில்லை. அக்காவுக்கு இது தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வந்த தபாலில் இருந்தது இவ்வளவுதான்: பன்னிரண்டு லட்சம் முதலீடு செய்திருக்கிறீர்கள், வருமானக் கணக்கு எதுவும் தாக்கல் செய்யவில்லை, இந்தப் பணம் எப்படி வந்தது என்று ஜூலை இருபத்தைந்துக்குள் தெரிவிக்கவும்.

பாலக்காட்டில் கிருஷ்ணப்ரியா என்று ஒரு வரி ஆலோசகர் இருக்கிறார். கல்பாத்தி அக்ரகாரத்துப் பெண், கெட்டிக்காரி. தபாலைப் பார்த்ததும் சிரித்தார். “பயப்படாதேங்கோ மாமா. மாமிக்கு நீங்க குடுத்த பணம்னு ஒரு வரி எழுதிட்டாப் போறும். ஆம்படையான் குடுத்த பணத்திலே ஆம்படையாளுக்கு வட்டி வந்தா அது ஆம்படையான் வருமானத்தோட சேரும், அவ்வளவுதான். நீங்க பென்ஷன்காரா, உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டா” என்றார். என் பென்ஷனோடு சேர்த்தால் அந்த வட்டிக்கு நூற்றுக்கு இருபது வீதம் வரி வரும். மேல்வரியும் சேர்த்து வருஷத்துக்கு இருபதாயிரம். கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன். பயம் விட்டுப் போவதற்கு இருபதாயிரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பதிலை அங்கேயே எழுதி வாங்கி, உங்கள் அக்காவின் கையெழுத்துக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

“என்ன எழுதியிருக்குதுங்க?” என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். ‘நான் இல்லத்தரசி. எனக்கென்று வருமானம் இல்லை. மேற்படி தொகை என் கணவர் எனக்குக் கொடுத்தது.’

பேனாவை மூடி என் பக்கம் தள்ளினாள். “ஏனுங்க, அப்ப இத்தன வருசமா நாலு மணிக்கு எந்திரிச்சு நானு கறந்தது ஆரு மாடுங்க?”

சட்டம் அப்படித்தான் சொல்கிறது, இதில் நமக்கு நஷ்டம் இருபதாயிரம்தான் என்றேன். “காசு போனாப் போவுது. நானு போடாத பொய்க் கையெழுத்தை இந்த வயசுல போடோணுமா?” என்று கேட்டுவிட்டுத் தீவனம் கரைக்கப் போனாள். அடுத்த நாள் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, சேலை மாற்றிக்கொண்டு, “அந்தக் கல்பாத்திப் புள்ளகிட்டப் போலாம் வாங்க” என்றாள்.

பால் கணக்கு நோட்டுகளை நான் பையில் கட்டி எடுத்துப்போனேன். 1994 முதல் முப்பத்தொரு நோட்டுகள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்த பணம், தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் போனது, பாங்கில் போட்டது, எல்லாம் என் கையெழுத்தில் தேதி வாரியாக இருக்கிறது. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கிருஷ்ணப்ரியா ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, “எல்லாத்திலேயும் மேலே ‘வீட்டு வரவு’ன்னுன்னா எழுதியிருக்கேள். மாமி பேரே காணலையே, மாமா?” என்றார்.

முப்பத்தொரு நோட்டிலும் இல்லை, மாப்பிள்ளை. தேதி தவறாமல் எழுதியவன், ஒரு முறைகூட அவள் பெயரை எழுதவில்லை.

நல்ல வேளையாகப் பால் சொசைட்டியின் புத்தகம் அவள் பெயரில் இருந்தது. ஆனால் கிருஷ்ணப்ரியா இன்னொன்றும் கேட்டார். முதல் மாட்டை வாங்கியது யார்? நான் வாங்கிக் கொடுத்தது என்றால், அதன் வழியாக வந்ததெல்லாம் என் பணம்தான் என்று ஒரு அதிகாரி வாதம் செய்ய இடமிருக்கிறதாம். பிறந்த வீட்டுச் சீர் என்றால் அந்தப் பேச்சே எழாது. சாட்சிக்கு ஒரு கடிதம் இருந்தால் கோப்பில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்போது உங்கள் அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாட்சி நீங்கள்தான். 1986-இல், கல்யாணமான மூன்றாம் மாதம், உங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நடந்தே அந்தச் செவலை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். அப்பா சீராகக் கொடுத்தனுப்பியது என்று சொன்னீர்கள். நான் சொன்ன பதில் உங்களுக்கு மறந்திருக்காது. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவன் என்ன கறவைக்காரனா என்றேன். திருப்பி ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன். பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அதனால்தான் குரல் உயர்ந்ததோ என்னவோ. மாட்டைத் தென்னையில் கட்டிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

அந்த மாட்டை உங்கள் அப்பா உங்கள் அக்காவுக்குக் கொடுத்தார் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப முடியுமா? எனக்காக இல்லை. என்னால் கேட்க முடியாத இடத்தில் நின்று கேட்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஆறுமுகசாமி,
ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர்


எலப்புள்ளி,
28 செப்டம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் ஜூலையிலேயே கிடைத்தது. உடனே எழுதாததற்குக் காரணம், காரியம் முடிந்த பிறகு முழுவதையும் எழுத வேண்டும் என்று இருந்ததுதான். இன்னொரு காரணம், என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

‘அப்பா மாடு குடுத்தார்னு என்னால கையெழுத்துப் போட முடியாது, மச்சான்’ என்ற உங்கள் முதல் வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். எனக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடுத்த வரியைப் படித்தேன். ‘ஏன்னா அப்பா குடுக்கல. அக்கா வாங்குனது. நாலு வருசம் கடலைக்காய் பறிச்ச கூலி, போஸ்டாபீசுல போட்டு வெச்சது. பொள்ளாச்சிச் சந்தைல ஆயிரத்து எண்ணூறு ரூபாய். கயித்தப் புடிச்சதுதான் நானு.’ அதைச் சொல்லிக் கையெழுத்திட்ட தனித் தாளும் இருந்தது. கூடவே அந்தப் பழைய போஸ்டாபீஸ் புத்தகம். மடிப்பெல்லாம் பழுத்திருந்தாலும் அவள் பெயரும், பணம் எடுத்த தேதியும் தெளிவாக இருக்கின்றன. உங்கள் அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்து இத்தனை வருஷம் அதைக் காப்பாற்றி வைத்திருந்தீர்களே! என்னைவிட ஒழுங்கான மனிதர் நீங்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். ஏன் சொல்லவில்லை என்று உங்கள் அக்காவிடம் கேட்டேன். கறப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: “சீருன்னாத் திருப்பி அனுப்ப மாட்டீங்கன்னு நெனச்சனுங்க. அதையவே அனுப்பப் பாத்தீங்க. எம்பட காசுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்களோ!”

ஒரு அடி பக்கத்தில் போனேன். “செம்ப நகத்துங்க, கால்ல படுது” என்றாள். பால் செம்பை நகர்த்தி வைத்தேன்.

கிருஷ்ணப்ரியா அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “மாமி, இது ஒண்ணு போறுமே! பணமும் உங்களுது, மாடும் உங்களுது, வட்டியும் உங்களுது. மாமா கணக்கிலே இதைச் சேக்க வழியே இல்லை” என்றார். போஸ்டாபீஸ் புத்தகம், சொசைட்டிக் கணக்கு, என் முப்பத்தொரு நோட்டுகள், எல்லாவற்றின் நகலும் வைத்துப் பதில் போனது. நோட்டுகளில் ‘வீட்டு வரவு’ என்பதை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதட்டுமா என்று நான் கேட்டேன். பழைய கணக்கில் கை வைத்தால் நானே உங்களை மாட்டிவிடுவேன் என்று அந்தப் பெண் அதட்டினார். அதனால் அவை அப்படியே இருக்கின்றன. புதிதாக ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ‘கமலாத்தாள் கணக்கு’ என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணியிருக்கிறது.

கூடவே அவள் பெயரில் வருமானக் கணக்கும் தாக்கல் செய்தோம். தொழில் என்ற இடத்தில் கிருஷ்ணப்ரியா என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்குள் உங்கள் அக்காவே, “பால்காரின்னு போடு சாமி” என்றாள். பால் உற்பத்தி என்று போட்டார்கள். பத்திர வட்டி வேறு இனம், அதற்குத் தனி இடம். இரண்டையும் கூட்டியும் வரம்பைத் தொடவில்லை. படிவத்தை நான் இழுப்பறையில் வைத்த கதையையும் அன்று ஒப்புக்கொண்டேன். முந்தைய வருஷங்களில் பிடித்த வரியைத் திரும்பக் கேட்கும் கெடு முடிந்துவிட்டதாம். உங்கள் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ரெண்டு வருசக் கன்னுக்குட்டிப் பாலு உங்க பயம் குடிச்சிருச்சு, போங்க” என்றாள். கிருஷ்ணப்ரியா சிரித்ததில் கண்ணாடி கீழே விழுந்தது. அந்தப் படிவம் இப்போது பாங்கில் இருக்கிறது. அவளே எழுதிக் கையெழுத்திட்டாள், நான் தேதி மட்டும் சரிபார்த்தேன்.

போன வாரம் இரண்டும் ஒன்றாக வந்தன. விளக்கம் ஏற்கப்பட்டது, மேற்கொண்டு கேள்வி இல்லை என்ற பதில் ஒன்று. கடந்த வருஷம் பிடித்த ஒன்பதாயிரத்து அறுநூற்று அறுபது ரூபாய், அவள் பெயரில் மட்டும் புதிதாகத் தொடங்கிய கணக்கில் வந்து சேர்ந்தது இன்னொன்று. அந்தப் பதிலை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் பதவி உயர்வு உத்தரவைக்கூட அப்படிப் படித்ததில்லை. சொசைட்டியில் பால் ஊற்ற வந்தவர்கள், பென்ஷன் வாங்க வந்த என் பழைய ஆபீஸ்காரர்கள், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். “வாத்தியாருக்கு மார்க் வந்த மாதிரி நீங்க ஏனுங்க குதிக்கறீங்க?” என்று அவள் கேட்கிறாள். வாஸ்தவம்தான்.

வந்த பணத்தை என்ன செய்யலாம் என்று கேட்டேன். நாலு நாள் யோசித்தாள். பிறகு, “சின்னக்கானலுக்கு எத்தன மணிக்கு பஸ்ஸுங்க?” என்றாள். தம்பி வீட்டை அவள் இன்னும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் போக முடியாமல் இருந்ததற்குக் காரணம் யார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

வரும் வியாழக்கிழமை காலை புறப்பட்டு, பொள்ளாச்சி, உடுமலை வழியாக மூணாறு வந்து, அங்கிருந்து சாயங்காலத்துக்குள் சின்னக்கானல் வந்துவிடுவோம். மாடுகளைப் பக்கத்து வீட்டு ஜீவிதா பார்த்துக்கொள்வாள். டிக்கெட் இரண்டும் தன் செலவு என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு கம்பளிச் சட்டையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், குளிர் தாங்க மாட்டேன் என்று. உங்களுக்கு ஒரு தூக்கு நெய் உருக்கி வைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளை, அன்றைக்கு என் வாசலில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நின்றீர்கள். பதினாறு வயசுப் பையன், அத்தனை தூரம் நடந்து வந்தவன். ஒரு சொம்பு தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை உங்கள் வாசலில், நெய்த்தூக்கைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். அக்காவை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்துவிடுங்கள். அவளுக்கு முழங்கால் வலி. நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறேன்.

கமலாத்தாள் வீட்டுக்காரன்,
ஆறுமுகசாமி