பட்டியலில் முப்பத்தொன்றாவது பெயர்

மார்ச் 3
பங்குச் சந்தையைக் கண்காணிப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. கண்காணிக்கத்தான் செய்கிறோம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அமைச்சரின் மச்சான் ஒரு துறைமுகக் கம்பெனியின் பங்குகளை அள்ளி வாங்கினார். மூன்றாம் நாள் அதே கம்பெனிக்கு அரசு உரிமம் கொடுத்தது. அறிக்கை எழுதிக் கொடுத்தேன். 'மேலும் தெளிவு தேவை' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பிவிட்டார் மேலாளர். மனிதர் பேனாவைத் தொடுவது விடுப்பு விண்ணப்பத்துக்கு மட்டும்தான்.

மார்ச் 9
மறுபடியும் பென்சில். பத்திகளுக்கு எண் போடவில்லையாம்.

மார்ச் 12
எண் போட்டுக் கொடுத்தேன். இப்போது அந்த மூன்று நாளில் வாங்கிய எல்லோருடைய பட்டியலும் வேண்டுமாம். மச்சானைக் கூட்டத்தோடு கூட்டமாக ஒளித்துவைக்கப் பார்க்கிறார்கள். என்னை என்ன இளிச்சவாய் என்று நினைத்தார்களா?

மார்ச் 16
பட்டியல் வந்தது. முப்பத்தொன்றாவது பெயர் — என் தம்பி.

மார்ச் 17
கேட்டேன். "நீதானக்கா அன்னிக்குச் சாப்பிடும்போது பொலம்பின, அந்தக் கம்பெனிப் பங்கு காரணமே இல்லாம ஏறுதுன்னு. சரி, நாமளும் கொஞ்சம் வாங்கிப் போடலாமேன்னு..." என்றான்.
அறைந்திருப்பேன். அவனுக்கு வங்கி வேலைக்கு உத்தரவு வரப்போகிற நேரம். ஒரு நோட்டீஸ் வந்தால் அதோடு வேலை போச்சு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். ஆபீஸை ஏன் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன்?

மார்ச் 18
அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. எடுத்தேன். திரும்பச் சேர்த்தேன். மறுபடி எடுத்தேன்.

மார்ச் 19
எடுத்துவிட்டால் மச்சானுக்குப் பரிந்துபேசுகிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? 'இவர் என் உடன்பிறந்த தம்பி' என்று அடிக்குறிப்பும் போட்டு அனுப்பினேன். அவனிடமும் சொல்லிவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

ஏப்ரல் 2
மேலாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.
"உங்க நேர்மையப் பாராட்டணும்மா. ஆனா விசாரிக்கிறவங்களோட தம்பியே பட்டியல்ல இருந்தா, அந்த அறிக்கைய எப்படி ஏத்துக்கிறது?"
ஆக, மொத்த அறிக்கையும் செல்லாது. மச்சான் மீது நடவடிக்கை இல்லை. அப்படியானால் தம்பியும் தப்பித்தான்தானே என்று கேட்டேன். அவன் விஷயம் வேறாம், அலுவலகத்து உள்தகவலை என்னிடம் கேட்டு வாங்கியதாம். அதற்கு என் அடிக்குறிப்பே ஆதாரமாம். என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், நடுநிலை கெட்டுவிடக் கூடாதாம். நடுநிலை!

ஏப்ரல் 6
தபால் பிரிவு. ஜன்னல் கிடையாது. மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. உறைகளில் முகவரி எழுதுவது என் வேலை. இன்று வந்த கட்டுக்குள் நாலாவதாக இருந்தது தம்பிக்கான நோட்டீஸ். அவன் பெயர், எங்கள் கதவு எண், எங்கள் தெரு — எல்லாம் எழுதினேன். பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் வேண்டும். பகலில் வீட்டில் இருப்பது அவன் மட்டும்தான்.