அன்றைக்கு எனக்கு லீவு

ஏப்ரல் 24, 2014

காலையிலிருந்து மூன்று டூரிஸ்ட் கூட்டம். தொண்டை கட்டிவிட்டது. கதீட்ரல், பாறையைக் குடைந்த கோயில், கடைசியில் குகை வீடு என்று வழக்கமான சுற்று. கோவேறு கழுதை ஜோக்குக்கு இன்றும் சிரித்தார்கள். "இந்த வீட்ல குழந்தை செத்தா ஒரு நாள் அழுவாங்க, கழுதை செத்தா ஒரு வருஷம் அழுவாங்க." டிக்கெட் கொடுக்கும் டொனாத்தா மட்டும் உதட்டைச் சுழிப்பாள். அவளுக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் சம்பளம்.

ஏப்ரல் 27

ஞாயிறு. அப்பா வீட்டில் சாப்பாடு. பட்டாளத்தில் கூட இருந்த அம்ப்ரோஜியோ பெர்கமோவிலிருந்து வருகிறாராம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கீழ அந்தக் குகை வீடுங்களுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்களேன்" என்று பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். அப்பா ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குப் பதினோரு வயதில் அரசாங்கம் அவர்கள் குகை வீட்டைக் காலி செய்து, லாரியில் ஏற்றி மேலே கொண்டுவந்து விட்டது. 'நாட்டின் அவமானம்' என்று பேப்பர்களில் எழுதின வீடுகள். அதற்கப்புறம் மத்தேராவிலேயே இருந்தும் அவர் கீழே இறங்கியதில்லை. நானும் வற்புறுத்தியதில்லை. அதில் எனக்கும் ஒரு வசதி.

மே 6

எழுத முடியவில்லை.

மே 7

எழுதித்தான் ஆகணும்.

நேற்று மத்தியானக் கூட்டம். கட்டிலுக்கு மேலே தொங்கும் தொட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தேன். மிலானோக்காரி ஒருத்தி எல்லார் முன்னாடியும் கேட்டாள், நீங்களும் இந்த மாதிரி வீட்டுக் குடும்பம்தானா என்று. எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "ஐயோ, இல்லீங்க. நாங்க மேல் ஊர்க்காரங்க. தாத்தா நோட்டரி." எந்தத் தாத்தா? எந்த நோட்டரி? வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய்க்கு வந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் வாசலில் அப்பா. கோயிலுக்குப் போடும் கோட்டு. பக்கத்தில் நெட்டையாக ஒரு கிழவர். என்னிடம் சொல்லாமல், எனக்கு ஆச்சரியம் கொடுக்க வந்திருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து, எனக்காக இறங்கி வந்திருக்கிறார்.

கேட்டிருக்கும். அந்தக் குகையில் கிசுகிசுத்தாலே கேட்கும்.

'அப்பா' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன் — வந்தது கழுதை ஜோக்! சீ, என்ன ஜென்மம் நான்?

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு தொட்டிலைப் பார்த்தார். அவருடைய தங்கை ஃபிலொமேனா இதே மாதிரி ஒரு தொட்டிலில் காய்ச்சல் வந்து செத்துப்போனவள். எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் இத்தனை வருஷமாக அந்த ஜோக்கைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

கிழவர் கேட்டார், "எவுஸ்தாகியோ, உன் பொண்ணு எங்கப்பா?"

"இன்னைக்கு அவளுக்கு லீவு போல" என்றார் அப்பா.

போகும்போது மற்றவர்களைப் போலவே என்னிடமும் வந்தார். "நல்லாச் சொன்னீங்கம்மா. ரொம்ப நன்றி." வெளியூரிலிருந்து வந்தவர் மாதிரி.

மே 8

ஃபோன் செய்தேன். பட்டாணிச் செடியில் பூச்சி என்றார். அம்ப்ரோஜியோவுக்கு நம் ரொட்டி பிடித்துவிட்டதாம். திட்டியிருந்தால் தேவலை.

மே 11

ஜுரம் என்று பொய் சொல்லி ஞாயிறு சாப்பாட்டுக்குப் போகவில்லை. பொய்தான் எனக்குத் தண்ணிபட்ட பாடாச்சே.

மே 18

போனேன். அம்ப்ரோஜியோ ஊருக்குப் போய்விட்டார். "அப்பா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்ததும் தட்டை என் பக்கம் தள்ளி, ஆறிப்போகுது சாப்பிடு என்றார்.

"எனக்கு வெக்கமா இருக்குப்பா."

"எதை நெனச்சு? அந்த வீட்டையா, நீ சொன்னதையா?"

உண்மையைச் சொன்னால், முதலில் வீடு. சின்ன வயதிலிருந்தே வீடுதான். இப்போது இரண்டும்.

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பேசினார். என்னைப் பற்றி நண்பனிடம் வருஷக்கணக்காகப் பெருமை பேசி வைத்திருந்தாராம். கூட்டத்துக்கு நடுவில் என்னை மாட்டிவிட மனசு வரவில்லையாம். அப்புறம் கேட்டார், "உனக்கு லீவு எப்பம்மா முடியும்?"

எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 27

இன்றும் ஒருத்தர் கேட்டார். இன்றும் நோட்டரி. கழுதையை மட்டும் விட்டுவிட்டேன். பாதி யோக்கியம்.

ஜூன் 3

வெரோனா டீச்சர் ஒருத்தி அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஆமாங்க. எங்கப்பா இந்த மாதிரி வீட்லதான் பொறந்தார். அவர் தங்கச்சி ஃபிலொமேனா தொட்டில்லயே போயிட்டா."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்து, எந்த வீட்டு ரொட்டி என்று தெரிய முத்திரை போடும் கட்டையை எடுத்துக் காட்டினேன். வெளியே வந்ததும் டொனாத்தா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். உதட்டைச் சுழிக்கவில்லை.

வெட்கம் போச்சா? இல்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் மெடல் கேட்கிற மாதிரி இருக்கும்.

ஜூலை 3

நேற்று புரூனா மாதா திருவிழா. கடைசியில் தேரை ஜனங்கள் அதிர்ஷ்டத்துக்கென்று பிய்த்து எடுக்கும்போது நானும் முண்டியடித்தேன், இந்த வயசில்! முழங்கை சிராய்த்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன், ஆனால் கையில் காகிதக்கூழ் தேவதையின் காது ஒன்று இருந்தது. காலையில் அப்பாவிடம் கொடுத்தேன். "வர்ற வருஷம் இன்னும் நல்லா இருக்கட்டும்" என்று திருவிழாவுக்கு எல்லாரும் சொல்வதையே சொன்னார். ரேடியோ மேல் வைத்தார். அவ்வளவுதான்.

ஜூலை 9

குகைக்குள் ஒரு கூட்டம். தொட்டிலுக்கு வந்திருந்தேன், ஃபிலொமேனா பெயரைச் சொல்லி முடித்திருந்தேன். வாசலில் டொனாத்தாவிடம் யாரோ கேட்பது காதில் விழுந்தது.

"என் பொண்ணு லொரெதானா இன்னைக்கு வேலைக்கு வந்திருக்காளா, இல்ல லீவா?"

"வந்திருக்கேன்ப்பா" என்று உள்ளேயிருந்தே சொன்னேன். குரல் பெரிதாகத்தான் வந்தது. கூட்டம் மொத்தமும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது.