எழுத்துத் தெரியாதவள் என்று சொன்னீர்கள்

மச்சான், என்னைக் கலியாணம் முடித்த நீங்கள் எனக்குச் செய்தது அநியாயம். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். ஊரில் உங்களை நல்ல மனிதர், நல்ல வாத்தியார் என்கிறார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெண்பிள்ளைகளின் வகுப்புக்கு ஒரு பெண்ணைத் தேடி மட்டக்களப்பிலிருந்து கல்வி அதிகாரி நம் வாசலுக்கு வந்த அன்று, கதவுக்குப் பின்னால் நான் நிற்பது தெரிந்துகொண்டே, "எங்கட ஊட்டுப் பொம்பிளைக்கு எழுத்துத் தெரியா" என்று சொன்னீர்கள். எனக்கு எழுத்துத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பார்கள். நான் உங்களைப் பற்றிப் பேசவில்லை, உங்களோடுதான் பேசுகிறேன்.

இன்று பகல் உங்கள் கறுப்புக் கோட்டை வெயிலில் போட எடுத்தேன். மாரி மழையில் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று பயம். பையைக் கவிழ்த்தபோது உடைந்த வெண்கட்டித் துண்டுகளும் தூளும் கொட்டின. வியர்வையும் வெண்கட்டியும் கலந்த அந்த மணம், பள்ளிக்கூடம் விட்டு நீங்கள் வீட்டுக்குள் நுழையும் மணம். கணவனை இழந்த பெண் அந்த மணத்தில் அழுவாள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் நாளைக்குள் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை நான் பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நேற்றுப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் வந்திருந்தார். என்னோடு கூடப்பிறந்த மூத்தவர், என் காக்காவும் இருந்தார். இருவரும் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ராத்தா, சுத்தி வளைக்காமக் கேக்கன்" என்றார் வாத்தியார். "முதலாம் வகுப்பு ஆளில்லாமக் கிடக்கு. யாழ்ப்பாணத்தில இருந்து வந்த ரீச்சர் மாற்றம் எடுத்துப் போயிட்டா. ஊரில உள்ள ஒராளைத் தற்காலிகமாப் போடலாம் எண்டு சொல்லியிரிக்காங்க. அதிகாரி வந்து வாசிக்கச் சொல்லுவார், எழுதச் சொல்லுவார், அவ்வளவுதான். நீங்க வாறீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் காக்கா சிரித்தார். "ஆரு, இவவா? இவ எழுதினா கண்ணாடியிலதான் பாக்கணும் வாத்தியார்!"

அது உங்கள் பகிடி, மச்சான். உங்களை அடக்கம் செய்து, நான் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருந்து முடித்த பிறகும் அது இந்த மருதமுனைத் தெருக்களில் உயிரோடு நடமாடுகிறது.

கலியாணம் முடித்து நீங்கள் நம் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஓதப் பள்ளியில் அரபு எழுத்துக் கூட்டப் படித்திருந்தேன். தமிழை அரபு எழுத்தில் எழுதிய மாலைப் பாட்டுகளையும் தொழுகைப் பாடங்களையும் தட்டுத் தடங்கலில்லாமல் வாசிப்பேன். அப்போது நம் பெண்களுக்கு எழுத்து என்றால் அதுதான். உங்களிடம் தமிழ் எழுத்துச் சொல்லித்தரக் கேட்டேன். "தறி நெய்யிறவளுக்கு எழுத்து என்னத்துக்கு புள்ள? நெய்யிற சாரத்தில கவி எழுதப் போறியா?" என்றீர்கள்.

சரி என்று விட்டுவிட நான் அப்படிப்பட்டவள் அல்ல. சீனி சுற்றி வந்த பத்திரிகைத் துண்டிலும், மண்ணெண்ணெய்த் தகரத்திலும், நீங்கள் திருத்தக் கொண்டுவந்த பிள்ளைகளின் கொப்பிகளிலும் எழுத்துகளைப் பார்த்தேன். எந்தச் சத்தத்துக்கு எந்த வடிவம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ஒரு நாள் துணிந்து உங்கள் சிலேட்டில் என் பெயரை எழுதி உங்களிடம் நீட்டினேன்.

நீங்கள் பார்த்தீர்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "னாமிஆ! இது ஆரு புள்ள னாமிஆ? நண்டு நடந்த மாதிரிப் பின்னால போயிரிக்கி!"

ஆமினா என்றுதான் நான் எழுதியிருந்தேன். வலப்பக்கத்திலிருந்து தொடங்கி எழுதியிருந்தேன். எனக்கு எழுத்து என்றால் வலமிருந்து இடம் வருவது. அல்லாஹ்வின் வேதமே அப்படித்தானே எழுதப்பட்டிருக்கிறது? வேறு பக்கமிருந்தும் எழுத்து வரும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீங்கள் தேத்தண்ணிக் கடைக்குப் போய்ச் சொன்னீர்கள். அடுத்த கிழமை மீன் வாங்கப் போனால், "னாமிஆ ராத்தாக்கு நல்ல மீனாப் பாத்துக் குடு" என்று ஒருவன் சொல்ல மற்றவன் சிரிக்கிறான். அதற்குப் பிறகு நான் உங்களிடம் எழுத்துப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தனியாகவே படித்தேன்.

ஆனாலும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பத்திரிகை வாசிக்க முடியாமல் புரண்டுகொண்டிருந்தீர்கள். நான் எடுத்து வாசித்தேன். முதல் பக்கம் முழுவதும் வாசித்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். நான் நிறுத்தியதும், "அந்தக் கடைசி வரியைத் திருப்பி வாசி புள்ள" என்றீர்கள். திருப்பி வாசித்தேன். என் கையை எடுத்து உங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டீர்கள். அதனால்தான் அதிகாரியிடம் நீங்கள் சொன்னதைத் தவறுதல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதிகாரி வந்து போன அன்று மத்தியானம் சோறு போடும்போது கேட்டேன். "ஏன் மச்சான் பொய் சொன்னீங்க?"

"உனக்கு விளங்காது புள்ள."

"எழுத்துத்தானே எனக்கு விளங்காது. நீங்க கதைக்கிறது விளங்கும். சொல்லுங்க."

நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நீ அங்க வந்து நிண்டா பொடியனுகள் என்னை னாமிஆட புருஷன் எண்டு கூப்பிடுவானுகள். நான் எப்பிடித் தலை நிமிந்து போற?"

ஊருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவரே அந்தப் பெயருக்குப் பயந்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை. பெண்பிள்ளைகளின் வகுப்பு திறக்கப்படவில்லை. ஆண்பிள்ளைகளோடு ஒரே வாங்குப் பலகையில் இருத்த மனமில்லாமல் உம்மாமார் தங்கள் மகள்மாரை ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். நம் மகளை நீங்களே நிறுத்தினீர்கள். மூன்றாம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்தது. அவள் சிலேட்டைக் கிணற்றடியில் எறிந்து உடைத்தாள். நீங்கள் துண்டுகளைப் பொறுக்கி வேலிக்கு அப்பால் போட்டீர்கள்.

நேற்றுக்குத் திரும்புகிறேன். காக்கா சிரித்து முடித்ததும் நான் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றேன். முக்காடு இருந்தது. வேறு மறைப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

"நீ உள்ள போ" என்றார் காக்கா.

"என்னைப் பத்தித்தானே கதைக்கிறீங்க. நான் நிண்டு கேக்கன்."

காக்கா வாத்தியாரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தறி நிண்டா மகள்ட ஊடும் நிண்டிரும். சுவர் சன்னல் உயரத்துக்கு வந்து கிடக்கு. நிந்தவூர் மாப்பிள்ளை ஊட்டார் எப்ப கூரை எண்டு கேட்டுக்கிட்டிரிக்காங்க. மருமகன் வந்து வானத்தைப் பாத்துக்கிட்டா படுக்கிற?"

அவர் சொல்வது பொய்யல்ல. நம் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. அந்தச் சுவர்களை என் தறிதான் எழுப்பியது. பள்ளிக்கூடத்தில் கிடைப்பது தறியில் கிடைப்பதை விடக் குறைவு. காலையில் பள்ளிக்கூடம் போனால் தறியில் பாதி நாள்தான் இருக்க முடியும். தற்காலிகம் என்று போடுகிறவர்கள் எந்த நாளும் வேண்டாம் என்று சொல்லலாம். இதையெல்லாம் நான் காக்காவுக்கு முன்பே நினைத்துவிட்டேன். இந்த வயதில் தெரிந்த தொழிலை விட்டுத் தெரியாத வாசலில் போய் நிற்பதை நினைக்க எனக்கும் பயம்தான். அதை அவருக்குக் காட்டவில்லை.

வாத்தியார் பெருமூச்சு விட்டார். "ஓதப் பள்ளியில இருந்து நேரா வாற பிள்ளைகள் ராத்தா. அரைவாசிப் பேர் வலப்பக்கத்திலதான் துவங்குறாங்க. சொல்லியும் பாத்தன், அடிச்சும் பாத்தன்."

"ஆரை அடிச்சீங்க?"

"கடற்கரைத் தெரு மீன்காரர்ர மகளை. சின்ன அடிதான்."

"புள்ள இப்ப வருதா?"

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "இல்ல. ஊட்டில இரிக்காவாம்."

இரண்டு நாளில் பதில் சொல்கிறேன் என்றேன். அவர்கள் போனார்கள். போகும்போது காக்கா, "கண்ணாடி ஒண்டு வாங்கித் தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே வந்தேன். மகள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "போங்க உம்மா. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க. வாப்பாவும் அதைத்தானே செஞ்சார்."

மச்சான், காக்கா சிரித்தது எனக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது. உங்களைப் பார்த்து நான் மனதுக்குள் எத்தனையோ தடவை சொன்ன சொல், என் மகளின் வாயிலிருந்து என்னை நோக்கி வந்தது. நான் அதற்குத் தலை குனியப் போவதில்லை. அவளை நிறுத்தியவள் நான் அல்ல. சிலேட்டு உடைந்த பிறகு ஒரு தடவை, நான் சொல்லித்தரவா என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன். வீட்டுப் பிள்ளையைக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டு ஊருக்கு வாத்தியாராக இருப்பது உங்களுக்கு முடிந்தது. எனக்கு முடியாது.

"உனக்கும் படிப்பு வேணுமா?" என்று கேட்டேன்.

"இப்ப வந்து கேக்கிறீங்க."

"இப்பத்தான் கேக்கன். வேணுமா, இல்லயா?"

"கலியாணம் பேசின குமருக்கு நாலாம் வகுப்பா? ஊர் சிரிக்கும்."

"உன்ட உம்மா நரைச்ச தலையோட முதலாம் வகுப்புக்குப் போறா. ஊர் முதல்ல அதுக்குச் சிரிச்சு முடிக்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை எனக்குக் காட்டக்கூடாதென்று நூல்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "கூரை பிந்தினா மாப்பிள்ளை ஊட்டார் போயிருவாங்களா உம்மா?" என்று கேட்டாள். குரல் சிறுத்திருந்தது. எனக்குத் தெரியாது என்றேன். பொய் சொல்லவில்லை. அவள் நூலை முடிச்சுப் போட்டு, "போறதெண்டாப் போகட்டும்" என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகவே நாளைக்கு ஓம் என்று சொல்லப் போகிறேன். உங்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை. உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று கோபம். மற்றது, "திருப்பி வாசி புள்ள" என்று காய்ச்சலில் நீங்கள் கேட்ட குரல். ஒன்றுக்காக மற்றதை விட்டுவிட எனக்கு மனமில்லை. முதலாம் வகுப்பில் ஒரு பிள்ளை தட்டுத் தடுமாறி வாசித்து முடிக்கும்போது, அந்தக் குரலில்தான் நான் திருப்பி வாசிக்கக் கேட்பேன்.

இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

பெரிய வாத்தியார் கடற்கரைத் தெருவுக்குத் தன் காலால் நடந்துபோய், மீன்காரரின் மகளைத் தன் வாயால் கூப்பிட வேண்டும். ஆள் அனுப்பக்கூடாது. முதலாம் வகுப்புக்குள் பிரம்பு வரக்கூடாது. வந்தால் நான் அன்றே தறிக்குத் திரும்பிவிடுவேன்.

காக்கா கண்ணாடி வாங்க வேண்டாம். எங்கள் வாப்பாவின் தோட்டத்தில் முற்றிய தென்னைகள் நிற்கின்றன. மருமகளின் கூரைக்கு மரம் தறித்துக் கொடுப்பது தாய்மாமனின் கடமை. கலியாணம் பேசிய அன்றே அதை அவர் பள்ளிவாசலில் எல்லார் முன்னிலையிலும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

மாப்பிள்ளை வீட்டார் பொறுக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதிகாரி வந்தால் என்னிடமே கேட்க வேண்டும், காக்காவிடம் அல்ல. அவர் வாசிக்கச் சொல்வதை நான் முற்றத்தில் நின்று வாசிப்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. உங்களுக்காகக் குர்ஆனில் யாசீன் ஓதுவது என் வேலை. வெள்ளிக்கிழமைகளில் ஓதுகிறேன். கோபமாக இருக்கும் வெள்ளிக்கிழமைகளிலும் ஓதுகிறேன்.

மகள் காலையில் தறியில் இருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தறியை என்னிடம் தர வேண்டும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொப்பியோடு என் முன்னால் இருக்க வேண்டும், கலியாணம் முடிந்த பிறகும். நாளைக்கு அவள் வீட்டு வாசலில் யாராவது வந்து நின்று, இந்த வீட்டுப் பெண்ணுக்கு எழுத்துத் தெரியுமா என்று கேட்டால், அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வர வேண்டும். புருஷன் வாயைத் திறக்குமுன் பதிலை அவளே சொல்ல வேண்டும்.