ஆக்சிலேட்டர் வயரைப் பிடித்தவள் எழுதுவது

என் பிரியமுள்ள நங்கையாளுக்கு,

நீங்க போய்ச் சேர்ந்து ஏழு மாசம் ஆச்சுங்க. உங்க தம்பி உங்க ஊட்டுச் சாவியை இன்னும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். நான் உங்களிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் தையல் மிஷினிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலம்பாளையத்துக்கு நான் மருமகளாக வந்தபோது எனக்கு இருபது வயசு, உங்களுக்கு இருபத்தஞ்சு. புருஷனோட அக்கா அடுத்த ஊட்டிலேயே இருந்தால் யாருக்குத்தான் பயம் இருக்காது? அந்தப் பயம் மூணே மாசத்தில் போய்விட்டது. ஆம்பளைங்க எல்லாம் கல்யாணத்துக்குத் தாராபுரம் போயிருந்த அன்று, மாமனாரோட மொபெட்டை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தீங்க.

"ஏறு கண்ணு, மேட்னி ஷோ போயிட்டு வந்துரலாம்."

"ஓட்டத் தெரியுங்களா?"

"போகப் போகத் தெரிஞ்சுக்கலாம்."

படம் முடிந்து திரும்பும்போது ஆக்சிலேட்டர் வயர் கைப்பிடிப் பக்கம் அறுந்துபோச்சு. நான் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். நீங்க வயரை உறையிலிருந்து உருவி, நுனியில் கர்ச்சீப்பைக் கட்டி, பின்னால் உட்கார்ந்த என் கையில் கொடுத்தீங்க. "இழுன்னா இழு, விடுன்னா விடு." வழியெல்லாம் அப்படித்தான் வந்தோம். ஒரு தடவை நீங்க "விடு" என்றதை "இழு" என்று கேட்டு, சோளக்காட்டுக்குள் கொண்டுபோய் இறக்கினேனே! சோளத்தட்டுக்குள் கிடந்துகொண்டு நீங்க சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு முன்னால் எந்தப் பொம்பளையும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாசலில் மாமனார் நின்றிருந்தார். எனக்கு உயிரே போச்சு. "நாந்தானுங்கப்பா கூட்டிட்டுப் போனேன், புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்று முன்னால் போய் நின்றீங்க. ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தவர், வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "வயரு இல்லாம எப்படிப் புள்ள ஓட்டிட்டு வந்தே?"

அடுத்த வாரம் நம்ம பனியன் யூனிட்டில் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் நின்றது. மெக்கானிக் வரவில்லை. மாமனாரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உங்க கையில் கொடுத்தார். கழற்றிய ஸ்க்ரூக்களை இட்லி குண்டா மூடியில் வரிசையாக அடுக்கி, சாயங்காலத்துக்குள் மிஷினை ஓட வைத்தீங்க. அதற்கப்புறம் நம்ம யூனிட்டுக்கு மெக்கானிக் எதற்கு? மண்ணரை யூனிட்டுகளிலிருந்துகூட உங்களைத் தேடி ஆளுங்க வந்தார்களே.

ஆனால் நான் உங்களைப் பார்த்து அசந்துபோனது அதிலெல்லாம் இல்லைங்க. போன வருஷம் உங்க கை நடுங்க ஆரம்பித்தது. ஒருநாள் டெய்லர் பிள்ளைங்க எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, சின்ன ஸ்க்ரூ ஒன்று மூணு தடவை கீழே விழுந்தது. நானாக இருந்தால் தலைவலி என்று எழுந்து போயிருப்பேன். நீங்க கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, "இது லீவு கேக்குது சாமி. சரசு, உன் கையக் கொஞ்சம் குடு" என்றீங்க. வெட்கமே இல்லாமல் உதவி கேட்க எங்கே கத்துக்கிட்டீங்க?

எனக்கு அது வரவில்லை. ரெண்டு வருஷமாகக் கண்ணில் புகை படிந்த மாதிரி இருக்கிறது. உங்களிடம்கூடச் சொல்லவில்லை. போன மாசம் ஊசி விரலில் இறங்கிவிட்டது. பக்கத்து மிஷின் ஒடிசாப் பொண்ணு ஓடி வந்து கட்டுப் போட்டுவிட்டு, "அம்மா, கண்ணு தெரியலையா?" என்று அவளுக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்க நினைப்பு வந்தது. "ஆமா கண்ணு, தெரியல" என்றேன். சொன்ன பிறகு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுங்களா?

வியாழக்கிழமை கண் ஆபரேஷன். பயமாக இருக்குதுங்க. பயமாக இருக்கிறதென்று உங்க தம்பியிடமும் சொல்லிவிட்டேன்; கூடவே வருகிறேன் என்றார். இனி முடியாததை முடியாது என்று வாய்விட்டே சொல்வேன். இது சத்தியமுங்க.

உங்க தம்பி பொண்டாட்டி,
சரசு