வெளுத்துப் போட்ட வேட்டி

ஏட்டி, உன் வீட்டுக்காரர் இன்று காலை தென்காசியிலிருந்து ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்தார். "அவ கண்ண மூடுறதுக்கு முன்னால, ஒங்க கையிலதான் கொடுக்கணும்னு சொன்னா" என்றார். அவிழ்த்ததும் மண்வாசனை அடித்தது. உள்ளே ஐந்து வெள்ளை வேட்டிகள், ஒன்றைக்கூட வெளுக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் லைடார் கருவியோடு இலஞ்சித் தோப்புக்குள் அந்த மாடியறைக்கு வந்தோமே. பொழுது சாய்ந்ததும் லேசர் ஒளியை வானத்துக்கு அனுப்புவோம். மேலே தூசியில் பட்டுத் திரும்பி வரும் ஒளியைத் திரையில் பார்ப்போம். சாரலுக்கு முந்தைய வாரங்களில், மூன்று கிலோமீட்டர் உயரத்தில் கோடு மாட்டுத் திமில் மாதிரி புடைத்து நின்றது. அரபுப் பாலைவனத்துத் தூசி, கடல் தாண்டி வருகிறது என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"அங்கன இருந்து குத்தாலத்துக்குக் குளிக்க வருதாக்கும்?"

நம்மை ஆராய்ச்சிக்கு அனுப்பிய அதிகாரி அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. ஊர்ப் புழுதி என்று முடித்துவிட்டார். லைடார் தூசியின் உயரத்தைச் சொல்லும், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதற்காகத்தான் முதல் சாரலைப் பிடிக்க மாடியில் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினேன். மழையோடு இறங்கும் மண்ணைச் சோதித்தால் விஷயம் தெரிந்துவிடும். செங்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன ராத்திரியே சாரல் விழுந்துவிட்டது. மறுநாள் வருகிறேன், வேட்டி கொடியில் காய்கிறது, நீலம் போட்டு!

"செவசெவன்னு கறையா கெடந்துச்சு. கம்பித் துருன்னு நெனச்சு வெளுத்துட்டேன். அதுக்கு ஏன் இப்படிக் கத்துதே?"

கத்தாமல் என்ன செய்வேன்? ஒரு பருவத்து உழைப்பைச் சவுக்காரம் போட்டுக் கசக்கிவிட்டாயே! அதிகாரி வந்து ஆதாரம் கேட்டார், கொடியில் தொங்கிய வெள்ளை வேட்டியைப் பார்த்தார், கருவியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் இங்கேயே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் நடத்தப் போனேன். "இனி செத்தாலும் ஒங்கூடப் பேச மாட்டேன்" என்று அன்று சொன்னேன். சொன்னபடியே இருந்தேன்.

இப்போது பார்த்தால் ஒவ்வொரு வேட்டியின் ஓரத்திலும் பென்சிலில் வருஷம் எழுதியிருக்கிறாய். பக்கத்தில், "இதும் சிவப்புதான்." அப்படியென்றால் வருஷந்தோறும் முதல் சாரலுக்கு உன் மொட்டைமாடியில் விரித்திருக்கிறாய். ஐந்து வருஷம்! ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா? இலஞ்சி என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறி வந்து மூஞ்சியில் விட்டெறிந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேனே, பாவி.

வெளியே இந்த வருஷத்து முதல் தூறல் விழுகிறது. மாடியில் ஆறாவது வேட்டியைக் கட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் கோபம் ஆறாது. பாலைவனத்துத் தூசி என்று தொண்டை வறளச் சொன்னேன், நீ நம்பவில்லை. இனிப் பேச மாட்டேன் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதைப் போய் எப்படியடி நம்பினாய்?