மரத்துக்குக் கட்டிய காப்பு

வடகரப்பதி வழி,
27.3.1978, பங்குனி 14

அன்புள்ள சென்னியப்பனுக்கு,

சின்னம்மா எழுதுகிறேன். அப்பா நலம், நான் நலம், செவலை மாடு போன வாரம் ஈன்றது, கன்றும் நலம். பிலாயில் இப்போதே வெயில் ஏறிவிட்டதாகப் பேப்பரில் பார்த்தேன், நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் சுகமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்த வீட்டுக்கு நான் வந்த நான்கு வருடத்தில் உனக்கு வந்த கடிதங்களில் மேல்விலாசத்து இங்கிலீஷ் மட்டும்தான் என்னுடையது, உள்ளே இருந்ததெல்லாம் அப்பா எழுதியது. உனக்கும் எனக்கும் ஏழு வயதுதான் வித்தியாசம், உன் அம்மா இருந்த இடத்தில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுத எனக்கு எப்போதும் கூச்சம். கேட்காமல் உள்ளே வந்ததற்கு மன்னித்துக்கொள். அப்பா எழுதினால் என் தப்பைப் பாதி மறைத்து எழுதிவிடுவார், அதனால்தான் நானே உட்கார்ந்தேன்.

உன் கல்யாணத்துக்கு வைகாசி பத்து என்று குறித்ததிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கிணத்துக்கடவில் கமலாத்தாள் வீட்டுக்காரர்களும் பந்தலுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். அதற்குள் நம் ஊரில் காப்புக் கட்டிவிட்டோம். மாரியம்மன் நோம்பி சித்திரையில்தானே என்று நீ கேட்பாய், இந்த வருடம் மாசியிலேயே பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கியாயிற்று, காரணம் ஊத்துமலை. மாசி பிறந்ததும் வன இலாகா ஆட்கள் வந்து மலைச்சரிவில் வேங்கை, மருது, ஈட்டி என்று ஒன்று விடாமல் தார் பூசி நம்பர் போட்டார்கள். சரிவு முழுவதையும் வெட்டிவிட்டுத் தைல மரம் நடப்போகிறார்களாம். நம் பள்ளத்தில் கோடையிலும் ஓடும் தண்ணீர் அந்த மரங்களுக்கடியில் ஊறி வருவதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் அடுத்த மலையில் இப்படித்தான் வெட்டினார்கள், அந்த அடிவாரத்து ஊரில் இப்போது கிணற்றில் இறங்கிச் சேற்றை வழித்து எடுக்கிறார்கள். மலை கேரள சர்க்காருடையது, அதனால் நான் மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்தேன், அப்பாவும் இன்னும் பத்துப் பேரும் வன இலாகா ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மனு திருவனந்தபுரத்துக்குப் போகும், அங்கிருந்து உத்தரவு வரும்வரை வெட்டுவதை நிறுத்தத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெட்ட வருகிறவர்கள் எல்லோரும் கோபிப் பக்கத்து ஆட்கள், நம்மைப் போலவே மாரியம்மனுக்கு நோம்பி எடுப்பவர்கள். காப்புக் கட்டிய ஊரில் பச்சை மரத்தில் யாரும் கோடாலி வைப்பதில்லையே என்று பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாளிடம் துணி துவைக்கும்போது மெதுவாகச் சொன்னேன். என் குரல் உனக்குத் தெரியும், அடுத்த கல்லுக்குக் கேட்காது. அவள் அதைக் கோயில் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை பூச்சாட்டி, பெண்கள் எல்லோருமாக மஞ்சள் நூலோடு மலையேறி நம்பர் போட்ட மரத்துக்கெல்லாம் காப்புக் கட்டினோம். சில மரத்தைச் சுற்ற நான்கு பேர் கைகோக்க வேண்டியிருந்தது. காப்புக் கட்டினால் ராத்திரி ஊரை விட்டு வெளியே தங்கக் கூடாதே, மலையில் எப்படிக் காவல் இருப்பது என்று ஒரு பேச்சு வந்தது. "நாம குடிக்கிற தண்ணி எங்க பொறக்குதோ அதுவரைக்கும் நம்ம ஊருதானுங்க" என்று சுப்பாத்தாள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

நான்காம் நாள் ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி ஆறுமுகசாமி மஞ்சள் நூலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். "ஏனுங்க அம்மிணி, இப்படி எங்க வயித்துல அடிச்சா எப்படீங்க" என்று அவர் கேட்க, "வயித்துக்குத்தான் கம்மஞ்சோறு கொண்டாந்திருக்கறமுங்க, கோடாலியக் கீழ வெச்சுட்டு உக்காருங்க" என்றாள் சுப்பாத்தாள். பதினேழு பேரும் சாப்பிட்டார்கள். காண்ட்ராக்டர் ஜீப்பில் வந்து கத்திப் பார்த்தார். "காப்ப அவுக்கட்டுமுங்க, அடுத்த நாளே வெட்டறனுங்க. அதுக்கு முன்னால என்ற கையில ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு ஆறுமுகசாமி ஆட்களோடு இறங்கிப் போனார். அன்றிலிருந்து முறை வைத்துக் காவல் இருக்கிறோம். பூச்சாட்டி நாளையோடு மூன்று வாரம், ஒரு மரம்கூட விழவில்லை.

இனி என் தப்பு. சாட்டுகிற அன்றே, காப்பை அவிழ்க்கும் நாளையும் சொல்லிவிட வேண்டும், எப்போதும் பதினைந்தாம் நாள்தானே. அன்று பூசாரி ரத்தினசாமி "என்னிக்குங்க அவுக்கறது" என்று கேட்டபோது, கூட்டத்தில் பேசியே அறியாத நான், "மரத்த வெட்ட வேண்டாம்னு உத்தரவு வர்ற அன்னிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் அப்படியே அம்மனுக்குச் சொல்லிக் கற்பூரம் காட்டிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில்தான் அப்பா நின்று திரும்பி, "சென்னியப்பன் கல்யாணம்?" என்றார். காப்பு இருக்கும்வரை ஊரில் ஒரு சுபகாரியமும் கிடையாது. எனக்கு அது நினைவுக்கே வரவில்லை, சென்னியப்பா. உன்னைப் பெற்றவள் மறந்திருப்பாளா என்று அன்றிலிருந்து என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. நோம்பி முடியும்வரை குழம்பு தாளிக்கக் கூடாது, தினமும் தட்டைப் பார்த்து, "பி.ஏ. படிச்சவளுக்குச் சாட்டத் தெரிஞ்சுது, அவுக்கத் தெரியல" என்பார். நான் சிரித்துவிடுவேன், அவரும் சிரித்துவிடுவார். ஆனால் நேற்று கிணத்துக்கடவிலிருந்து கமலாத்தாளின் மாமா வந்து, தேதி தள்ளினால் தங்களுக்கு வேறு இடம் பார்க்கத் தெரியும் என்று கோபமாகப் பேசிவிட்டுப் போனார். அவர் போனதும் அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துச் சித்திரைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்றுக்கு நீ சொல்கிற பெயரை வைக்கலாம் என்று அப்பா சொன்னார். ராத்திரி ஷிப்டு முடிந்ததும் வெறும் வயிற்றில் தூங்காதே, கம்பளிச் சட்டையைத் துவைத்து வெயிலில் உலர்த்தி மடித்து வை, சித்திரையில் அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மாரியம்மன் உன் பக்கம் நிற்கட்டும், நீயும் கமலாத்தாளும் நிறைந்து வாழ வேண்டும்.

இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சித்திரை முதல் தேதி நம் வீட்டுக் காப்பை அவிழ்த்துவிடலாம், பாவம் வந்தால் தன்னோடு போகட்டும் என்று அப்பா இருக்கிறார். ஒரு வீடு அவிழ்த்தால் ஊரே அவிழ்க்கும், ஆறுமுகசாமி மறுநாளே வருவார், அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நீ காத்திருக்கிறேன் என்று சொன்னால் அப்பா அவிழ்க்க மாட்டார், அவர் பயமெல்லாம் உன்னைப் பற்றித்தான். அப்பாவுக்கு ஒரு கார்டும், கமலாத்தாளின் அப்பாவுக்கு ஒரு கார்டும், அதற்குள் உத்தரவு வந்துவிடும், மழை வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று உன் கையெழுத்தில் எழுதுவாயா? முடியாது என்றால் அதையும் ஒளிக்காமல் எழுது, உன் மேல் எனக்கு வருத்தம் வராது. எதுவானாலும் பங்குனி முடிவதற்குள் வந்து சேரும்படி எழுது.

உன் சின்னம்மா,
மருதாத்தாள்