ஒன்று மட்டும் விலகுவதில்லை

1971 செப்டம்பர் 6, திங்கள்

பி.யூ.சி. வகுப்பில் x² + 1 வரைந்தேன். வளைவு அடிக்கோட்டைத் தொடாமல் மேலேயே நின்றது. பின் பெஞ்சில் ஒருத்தி, "பேய் மாதிரி கால் தரையில படலைங்க மேடம்" என்றாள். நானும் சிரித்தேன். கோட்டில் இல்லாத மூலங்கள், சார்பைப் பூஜ்யமாக்கும் எண்கள், வேறிடத்தில் இருக்கின்றன, i கோட்டுக்கு மேலே, அதன் இணை -i கீழே. சமன்பாட்டில் எழுதும் எண்களான கெழுக்கள் மெய்யெண்களாக இருக்கும்வரை ஒன்று மட்டும் கோட்டிலிருந்து விலகாது, விலகினால் ஜோடியாகத்தான். முடிவில்லாத தொடராக நீண்ட முழுச் சார்புக்கும் இதே கதி. சொல்லிக்கொண்டே வளைவை அழித்துவிட்டேன். ஆடி வெள்ளத்தில், ஒகேனக்கலில், என் கணவர் பிலவேந்திரன் போன பரிசல் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அவர் போய்விட்டார் என்றால் நான் எங்கே இருக்கிறேன்?

செப்டம்பர் 12, ஞாயிறு

மறுபடியும் ஒகேனக்கல் பஸ். பரிசல்காரர் காளியன் கையைப் பிடிக்காத குறையாக மறித்தார். "பாறை நுனிக்குப் போவாதீங்கம்மா. போன வாரமும் இப்படித்தான் நின்னீங்க."

போன வாரம் நின்றது நினைவே இல்லை. தண்ணீர் இரைச்சலுக்குள் பிலவேந்திரன் கூப்பிடுகிறார். சோறு போடச் சொல்வதுபோலத்தான், சாதாரணமாக.

செப்டம்பர் 20

அவர் செருப்பு வாசலில் இடம் மாறியிருக்கிறது. நான்தான் மாற்றினேனா?

அக்டோபர் 3, ஞாயிறு

அத்தை கேட்டார்: "வெறுங்குழின்னாலும் ஒரு சிலுவை நடலாம் கண்ணு. கல்லறைத் திருநாளுக்கு எல்லா வூட்லயும் மெழுகுவத்தி ஏத்துவாங்க. என் புள்ளைக்கு நான் எங்க ஏத்தறது?"

கத்திவிட்டேன். "உடம்பே கிடைக்கல, அதுக்குள்ள புதைக்கச் சொல்றீங்களா?" அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார். பாவம், பெற்றவர்.

அக்டோபர் 14

ராஜப்பன் சார், எங்கள் துறைத் தலைவர், ஒரு விடைத்தாளை நீட்டினார். "மெய்க்கெழு இருக்கற முப்படிச் சமன்பாடும்மா. மூலம் 2, -2, i-ன்னு எழுதியிருக்கான். i மட்டும் தனியா எப்படி வரும்? முழு மார்க் போட்டிருக்கீங்களே?"

முகம் எரிந்தது. தெரியாமலா போட்டேன்? அது சரியாக இருந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒன்று தனியாகப் போக முடியுமென்றால் இன்னொன்று இங்கேயே இருக்கலாமே.

அக்டோபர் 17, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஏறவில்லை. திரும்பி வந்து z - i = 0 என்று எழுதிப் பார்த்தேன். ஒரே மூலம், ஜோடி கிடையாது. ஆனால் அதற்கு i-யைக் கெழுவாகவே உள்ளே எழுதியாக வேண்டும். அதைச் சேர்க்க மாட்டேன் என்று அடம்பிடித்து மெய்யெண்களை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், போகிற மூலம் தன் இணையையும் கூட்டிக்கொண்டுதான் போகும். ஆடியிலிருந்து நான் பிடிக்கும் அடம் அதுதான், அவர் சாவை உள்ளே எழுத மாட்டேன் என்பது. பயமாக இருந்தது.

"சிலுவை நட்டுடலாங்க அத்தை" என்றேன். இருவரும் அழுதோம்.

நவம்பர் 2, செவ்வாய்

வெறுங்குழிதான். சிமெண்டுச் சிலுவையில் அவர் பெயர். அத்தை மெழுகுவர்த்தி ஏற்றினார். தண்ணீர்ச் சத்தம் எனக்கு அங்கேயும் கேட்டது.

பெயருக்குக் கீழே ஒரு வரி அளவுக்குப் பள்ளம் விட்டிருந்தது. கேட்டதற்குக் கொத்தனார் தலையைச் சொறிந்தார். "பின்னால உங்க பேரு எழுத வேணுமில்லீங்களா? சம்சாரம்னா இடம் விட்டுடறது வழக்கமுங்க."

"பூசிடுங்க" என்றேன்.

அவர் கலவை குழைத்துப் பூசி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.